செம்பூர் சாரின் செட்

ஒரு செட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று வயர்லெஸ் படிக்க வந்திருக்கும் உங்களைக் கேட்டால், மீட்டரைப் பார்ப்போம் என்பீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கப்பல் வயர்லெஸ் வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஏறி இறங்காத கப்பல் இல்லை, திறக்காத பெட்டி இல்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் எனக்குப் புத்தி வந்தது அதற்கெல்லாம் முன்னால், மாட்டுங்காவில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில். மீட்டரைப் பார்க்க முடியாத ஒருவருக்கு ஒரு புது டிரான்ஸீவரை மாற்றி அமைத்துக் கொடுத்த கதை அது. அவர் பெயரைச் சொல்லமாட்டேன். பெயர் வெளியே வருவது அவருக்குப் பிடிக்காது. கடையில் நாங்கள் அவரைச் செம்பூர் சார் என்றுதான் சொல்வோம்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்த வாப்பா அங்கேயே தங்கிவிட்டார். எனக்குத் தோல் வாடை ஒத்துக்கொள்ளவில்லை, ரேடியோவில் பற்றவைக்கும் ஈய வாடை ஒத்துக்கொண்டது. தினமும் நடந்தே மாட்டுங்கா போய்விடுவேன். கடை முதலாளி தூத்துக்குடிக்காரர். வருவதெல்லாம் வீட்டு ரேடியோக்கள்: பாட்டு இரைகிறது, வால்வு எரியவில்லை, எலி ஒயரைக் கடித்துவிட்டது. அந்தத் தெருவில் என் கைக்குக் கொஞ்சம் பெயர் வந்திருந்தது.

ஒரு நாள் காலை கடை வாசலில் டாக்சி வந்து நின்றது. முதலில் ஓர் அம்மாள் இறங்கினார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உயரமான ஒரு மனிதர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவருக்குப் பார்வை இல்லை என்பது கடைப் படியில் கால் வைத்துப் பார்த்து ஏறியபோதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்சிக்காரர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார்.

"இங்கே காதர்னு ஒருத்தர் இருக்காராமே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நான்தாம்மா."

"பெட்டியைத் திறப்பா," என்றார் அந்த மனிதர். "முதல்ல அந்தப் புது செட்டோட மணம் வரட்டும்."

திறந்தேன். அமெரிக்க டிரான்ஸீவர். அலையை வாங்குவது, அனுப்புவது இரண்டும் ஒரே பெட்டியில். அப்படி ஒன்றை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு பத்து விரலையும் முன்பக்கத்தில் வைத்து மெதுவாக நகர்த்தினார். குழந்தை முகத்தைத் தடவுவது போலத் தடவினார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது உண்மையில்லை. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்ப்பாரே, அப்படித்தான் இருந்தது.

அவர் கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்தவர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய் வந்து, முதலில் ஓரங்கள் மறைந்து, பிறகு நடுவும் மறைந்துவிட்டது. வேலை போய்க் கரைக்கு வந்தவர் செம்பூரில் குடியிருந்தார். மனைவிக்கு ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோ வேலை. பாலக்காட்டுக் குடும்பம். அந்த அம்மாளை நான் பின்னால் மாமி என்று கூப்பிடத் தொடங்கினேன். மாமி காலையில் ரயிலேறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். அதுவரை சார் ஒரு பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு, அமெச்சூர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டிலிருந்தே ஒலிபரப்பி உலகமெல்லாம் பேசுகிறவர்கள் அந்த அமெச்சூர்கள். அதற்கு அரசாங்கம் தனியாக அனுமதி தரும்.

"நாள் முழுக்க ஊரார் பேசறதைக் கேட்டுண்டிருக்கேன், காதர்," என்றார். "ஒருத்தன் தப்பாச் சொன்னா, அப்படி இல்லைடான்னு சொல்லக்கூட எனக்கு வழி இல்லை. கதவுக்கு வெளியில நிக்கற மாதிரியாக்கும்."

கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து இந்த செட்டை வாங்கி அனுப்பியிருந்தார். அதைத் தருவிக்கவும் வீட்டில் வைத்துக்கொள்ளவும் வேண்டிய காகிதங்களை மாமி அலுவலக இடைவேளைகளில் அலைந்து வாங்கியிருந்தார். ஒலிபரப்ப மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. சாருக்கு இந்தத் தொழில் தெரியுமா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பார்வையில்லாதவர் தனியாக இந்த இயந்திரத்தை ஆபத்தில்லாமல் ஓட்டுவாரா என்பதுதான் அனுமதி கொடுக்கிறவர்களுடைய கேள்வி. ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து நேரில் பார்த்து முடிவு சொல்வார்.

முதலாளி என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "எலே காதரு, உள்ள எண்ணூறு வோல்ட்டு ஓடுது. மனுசனுக்குக் கண்ணு தெரியல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீஸ் லஃப்டா, வம்பு வழக்கு எல்லாம் நம்ம தலையிலலா விடியும். முடியாதுன்னு நாசூக்காச் சொல்லிரு."

மெதுவாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். சின்னக் கடை அது. எல்லாம் முன்னால் கேட்டுவிட்டது.

"அவர் சொல்றது நியாயம்தான்," என்றார் மாமி. "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"கப்பல்ல இதைவிடப் பெரிய வோல்டேஜ். தரையும் ஆடிண்டிருக்கும்," என்றார் சார்.

"அப்போ கண்ணு இருந்தது."

சார் அட்டைப்பெட்டியின் மூடி எங்கே என்று தடவினார். நான்கு மடிப்பையும் ஒவ்வொன்றாக மூடினார். கோபமாக மூடியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவு பக்குவமாக அவர் மூடியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் பாக்கேன் சார்," என்றேன். முதலாளி என்னை முறைத்தார். மறுநாள் அவரே, உயர்ந்த ரக ஒயர் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லி என்னை அனுப்பிவைத்தார். அந்த மனிதருக்கும் நான் கடன்பட்டவன்.

பம்பாய்க் கரண்டுக்கு ஏற்ப டிரான்ஸ்ஃபார்மர் மாற்றியது, மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே அறுந்துபோகும்படி ஸ்விட்ச் வைத்தது, எர்த் இழுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். அதைவிட்டுவிடுகிறேன். நான் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்ததைச் சொல்கிறேன்.

முன்பக்கத்தில் கையால் திருப்பும் ஒவ்வொரு திருகுக்கும் ஓர் அடையாளம் கொடுத்தேன். ஒன்றில் அரத்தால் பள்ளம் வெட்டினேன். ஒன்றில் ரப்பர் வளையம். ஒன்றில் இரண்டு புள்ளி, இன்னொன்றில் மூன்று. டயலைச் சுற்றி வரிசையாகப் பித்தளை ஆணிகள். கண்ணை மூடிக்கொண்டு நானே இயக்கிப் பார்த்தேன். பிரமாதமாக இருந்தது. சாரை வரச் சொன்னேன்.

அவர் உட்கார்ந்து கையை வைத்தார். ஒரு திருகைத் தொட்டார், நின்றார், அடுத்ததைத் தொட்டார், மறுபடி முதலாவதற்கு வந்தார். முதல் நாள் கடையில் சரளமாக ஓடிய விரல்கள் இப்போது தட்டுத் தடுமாறின.

"என்னடா இது, ரயில்வே யார்டு மாதிரி இருக்கு," என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டு நானே ஓட்டிப் பாத்தேன் சார். சுளுவா இருந்துச்சு."

"அதான் விஷயம். கண்ணை மூடிண்டா உனக்கு என்ன வேணுமோ அதைப் பண்ணியிருக்கே. நான் கண்ணை மூடிண்டு இருக்கற ஆள் இல்லையே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "திருகெல்லாம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கு அடையாளம் வேண்டாம். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்குன்னுதான் தெரியணும்."

என்ன வேண்டும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து, நான் ஒட்டியதில் முக்கால்வாசியைப் பிய்த்தோம். கடைசியில் டயலில் நான்கைந்து ஆணியும், இரண்டு திருகில் ஒவ்வொரு பள்ளமும்தான் மிஞ்சின. விரல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அதற்குப் பிறகு எந்தக் கப்பலில் ஏறினாலும், பெட்டியைத் திறக்கும் முன், அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் பத்து நிமிஷம் பேசாமல் நான் கருவியைக் கையில் எடுத்ததில்லை.

மிஞ்சியது மீட்டர். இந்தக் காலத்து செட் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். அன்றைய வால்வு செட்டை ஒவ்வொரு முறையும் ஏரியலோடு கையால் இசைத்துச் சேர்க்க வேண்டும். திருகைத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மீட்டர் முள் சட்டென்று கீழே இறங்கும். தாண்டினால் மறுபடி ஏறும். முள் இறங்கும் அந்தப் பள்ளத்தில் நிறுத்த வேண்டும். பள்ளத்துக்கு வெளியே சில விநாடிகள் விட்டுவிட்டால் வால்வுக்குள் தகடு சிவந்துபோகும். வால்வு போகும், கூடவே வேறு எதுவும் போகலாம்.

"அதை மாமி பாத்துச் சொல்லட்டுமே சார்," என்றேன்.

"அவ ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் நான் வாயை மூடிண்டு இருக்கணுமா? இப்போ அதைத்தானே பண்ணிண்டிருக்கேன்."

அதன்பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு டிரான்சிஸ்டரை வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்தேன். மீட்டரோடு இணைத்தால் ஓர் ஒலி எழுப்பும். முள் ஏறினால் ஒலி கீச்சென்று உயரும்; முள் இறங்கினால் ஒலியும் தணியும். அலை வெளியே போகாமல் இருக்க, ஏரியலுக்குப் பதில் ஒரு நூறு வாட் பல்பை மாட்டி, சாரை உட்காரவைத்தோம். அவர் திருகைத் திருப்பினார். ஒலி உயர்ந்தது, தணிந்தது, மறுபடி உயர்ந்தது. பின்னால் திருப்பித் தணிந்த இடத்தில் நிறுத்தினார். இடது உள்ளங்கையைப் பல்பின் அருகே கொண்டுபோனார்.

"சுடறது," என்றார். கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மாமி பல்பைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செட்டைச் செம்பூருக்குக் கொண்டுபோய் மாட்டினோம். மொட்டைமாடியிலிருந்து ஒரு தென்னைமரம் வரை ஏரியல் கட்டினேன். இரண்டாவது மாடியில் அவர் அறை. ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி தெரியும். அதிகாரி வருகிற நாள் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் ஏரியலில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. பல்பில் ஓடுவது ஏரியலில் ஓடும் என்று நிச்சயமில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒரு நிமிசம்தான் சார். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே. அனுமதி கேட்டுண்டு நிக்கறவன் அதுக்கு முன்னாலேயே திருட்டுத்தனமாப் போடறதா? வேண்டாம். அவர் முன்னால அவர் உத்தரவோட முதல்ல போடறேன். அதாக்கும் மரியாதை."

அவர் சொன்னது சரி. அந்தச் சரிக்கு என்ன விலை என்பது அதிகாரி வந்த அன்று தெரிந்தது.

மாமி அன்று அரைநாள் லீவு போட்டிருந்தார். அதிகாரி மத்தியானம் வந்தார். மராத்திக்காரர், ஒல்லியான உடம்பு, அளவாகப் பேசுகிறவர். சாரும் அவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன். சார் செட்டை விளக்கினார், மூடி ஸ்விட்சைக் காட்டினார். பல்பில் சேர்த்துக் காட்டினார். எல்லாம் கடிகாரம் மாதிரி நடந்தது. அதிகாரி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நான் மிதந்தேன்.

"இப்போது ஏரியலில் போடுங்கள்," என்றார்.

சார் மாற்றினார். ஒலிபரப்பை முடுக்கும் கீயை அழுத்தித் திருகைத் திருப்பினார். ஒலி எழுந்தது, உடனே தணிந்தது. சார் தலையைச் சாய்த்துக் கேட்டார். நான் அதிகாரிக்குப் பின்னால் நின்று மீட்டரைப் பார்த்தேன். முள் இறங்கவில்லை. மேலே, சிவப்புக் கோட்டில் நின்றது. ஒலி தணிந்திருக்கிறது, முள் உயர்ந்திருக்கிறது. காற்றுத் துளை வழியாக உள்ளே தகடு மங்கலாகச் சிவப்பது எனக்குத் தெரிந்தது.

ஒரு விநாடிக்குள் எத்தனை நினைப்பு வரும் என்று அன்றுதான் தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் அதோடு அனுமதி போயிற்று. இவருக்குப் பக்கத்தில் கண்ணுள்ள ஆள் வேண்டும் என்று நானே சாட்சி சொன்னது போலாகும். திறக்காவிட்டால் வால்வு போகும். அதைவிட மோசம், என் பெட்டி சொன்ன பொய்யை இவர் நம்பிக்கொண்டிருப்பார். இன்றைக்கு நான் நிற்கிறேன். நாளைக்கு இவர் தனியாக உட்கார்ந்திருப்பார்.

"நிறுத்துங்க சார்," என்றேன். "மீட்டரு ஒண்ணு சொல்லுது, சத்தம் வேற சொல்லுது."

அவர் கீயிலிருந்து கையை எடுத்தார்.

"இதைத்தான் நான் பயந்தேன்," என்றார் அதிகாரி. குரலில் குத்தல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "அவர் சொன்னார், நிறுத்தினீர்கள். அவர் இல்லாவிட்டால்?"

நியாயமான கேள்வி. சார் அதிகாரியின் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒருமுறை போட அனுமதி கொடுங்கள்," என்றார் அதிகாரியிடம். பிறகு தமிழில், "காதர், நீ வெளியில போ. கதவைச் சாத்திண்டு போ. நீயும் போம்மா."

நானும் மாமியும் வெளியே வந்து நடையில் நின்றோம். மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன் கண்ணு இல்லாம அவரால முடியுமா?" என்று கேட்டார். "எனக்காகப் பொய் சொல்லாதே."

"தெரியல மாமி," என்றேன்.

வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் அது பொய்யாக இருந்திருக்கும். மாமி தலையாட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

உள்ளிருந்து என் பெட்டியின் ஒலி வந்தது. உயர்ந்தது, தணிந்தது. சட்டென்று நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உயர்ந்தது, தணிந்தது. நாங்கள் மூச்சை விடுவதற்குள் நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் அப்படியே. பிறகு அதிகாரியின் குரல் கேட்டது.

"ஏன் ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறீர்கள்? ஒலி தணிந்துவிட்டதே. அதுதானே உங்களுக்கு அடையாளம்?"

"தணிந்தது போதாது," என்றார் சார். "பள்ளம் என்றால் இரண்டு பக்கமும் மேடு இருக்க வேண்டும். திருகைத் தாண்டித் திருப்பினால் ஒலி மறுபடி ஏற வேண்டும். பல்பில் ஏறியது. இதில் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறவில்லை. அப்படியானால் இது பொய் சொல்கிறது. முதல் தடவை நான் அவசரப்பட்டேன், இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்காமல் விடமாட்டேன்."

"சரி. இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?"

"ஒன்றும் செய்யப்போவதில்லை. காரணம் தெரியும்வரை இந்த செட்டை ஏரியலில் ஓட்டமாட்டேன். நீங்கள் இன்றைக்கே அனுமதி கொடுத்தாலும் ஓட்டமாட்டேன்."

எப்படியாவது ஓட்டிக் காட்டிவிடுவார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஏதாவது ஒரு வித்தை செய்து, குருட்டாம்போக்கில் சேர்த்துக் காட்டியிருப்பேன்.

கதவு திறந்தது. அதிகாரி காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமியிடம், "மறுப்பு என்று எழுதமாட்டேன். ஒத்திவைப்பு என்று எழுதுகிறேன்," என்றார். என்னைப் பார்த்து, "பெட்டியைச் சரி செய்துவிட்டுச் சொல்லியனுப்பு. நான் வருகிறேன்," என்றார். படியிறங்கும் முன் ஒருமுறை திரும்பி அறைக்குள் பார்த்தார். சார் செட்டின் மின்சாரத்தை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, அதன் முனையைக் கையால் தடவி உறுதிசெய்துகொண்டிருந்தார்.

நான் என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

"எங்கே போறே?" என்றார் சார். "உட்காரு. மாமி உப்புமா பண்ணுவா."

"என்னாலதான சார் இப்படி ஆச்சு."

"உன் பெட்டி பொய் சொல்லித்து. நீ சொல்லலை. ரெண்டும் ஒண்ணா? இவ்வளவு நாளா என்கிட்ட எல்லாரும் என் மனசு நோகாம பேசிண்டிருந்தா, காதர். டாக்டர் கண்ணு வரும்னார். கம்பெனியில மறுபடியும் எடுத்துப்போம்னா. அனுமதியே போறதானாலும் நிறுத்துன்னு சொன்னது நீ ஒருத்தன்தான்."

உப்புமா சாப்பிட உட்கார்ந்தேன். மாமி என் தட்டில் மறுபடி வைத்தார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

காரணம் உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். பல்பில் ஓடும்போது சக்தியெல்லாம் பல்புக்குள் அடங்கிவிடும். ஏரியலில் போட்டதும் அறை முழுக்க அலை. என் மரப்பெட்டிக்குள் அது புகுந்து டிரான்சிஸ்டரைக் குழப்பியிருக்கிறது. முள் எங்கே நின்றாலும் ஒலியைத் தணித்துவிட்டிருக்கிறது. தாராவியில் எங்கள் சந்திலேயே தகர வேலை செய்கிறவரிடம் சொல்லி, இடைவெளி இல்லாமல் ஒரு தகரப் பெட்டி செய்துகொண்டேன். உள்ளே போகிற ஒவ்வொரு ஒயருக்கும் வடிகட்டி போட்டு, பெட்டியை எர்த்தோடு சேர்த்தேன். பிறகு அலையை வெளியிலிருந்து வேண்டுமென்றே புகுத்திச் சோதிக்க, கடையில் ஓர் ஏற்பாடு செய்தேன். முதலாளி அதற்காக ஒரு மேசையையே ஒழித்துக் கொடுத்தார். "பொய்யி சொல்லுதான்னு பாரு, விடாத," என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதிகாரி சொன்னபடி வந்தார். என்னையும் மாமியையும் அவரே முதலில் வெளியே அனுப்பினார். நடையில் நின்று கேட்டோம். ஒலி உயர்ந்தது, தணிந்தது, உயர்ந்தது. பின்னால் வந்து தணிந்து, அங்கேயே நின்றது. நெடுநேரம் நின்றது. மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கே தெரிந்திருக்காது.

அனுமதி வந்தது. அந்த அதிகாரியை நான் இன்றைக்கும் தொழுது கேட்கும் துஆவில் நினைப்பேன். முதலில் வந்த அன்றே சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். சார் ஒரு பொய்ப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருப்பார். முடியாது என்று எழுதியிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. இரண்டு சுலபமான வழியையும் விட்டுவிட்டு இன்னொரு முறை மாடி ஏறி வந்தார். உங்களில் சிலர் நாளைக்கு அப்படிக் கையெழுத்துப் போடும் இடத்தில் உட்காருவீர்கள்.

எனக்கு வாய்த்ததைச் சொல்ல வேண்டும். சார் தன் பழைய கப்பல் நண்பர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லி, துறைமுகத்தில் வயர்லெஸ் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டார். படிப்பு குறைவு என்று அவர்கள் தயங்கியபோது, "நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்து என்று சொல்வான்" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு சிபாரிசில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், வீடு வந்தது, இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பிறகு பல தடவை, புறப்படத் தயாராக இருக்கும் கப்பலில், கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இந்த செட் சரியில்லை, போகாதீர்கள் என்று சொல்ல வேண்டிவந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய கூலி அனுமதி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிடைத்தது. முதல்முறை பேசப் போகிறேன், வா என்று சார் கூப்பிட்டிருந்தார். குர்லாவில் வண்டி மாறி செம்பூர் போய்ச் சேர்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் செட்டைச் சேர்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், நிறுத்தினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அனுமதியோடு தனக்குக் கிடைத்த அழைப்புக் குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் இரைச்சல்.

மூன்றாவது தடவை இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. மதராஸிலிருந்து யாரோ ஒருவர். தெளிவாகக் கேட்கிறது, பம்பாயில் வானிலை எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சார் பேசத் தொடங்கினார். செம்பூரில் நேற்றிலிருந்து மழை. தென்னைமரம் ஆடுகிறது, ஏரியலும் கூடவே ஆடுகிறது, அதனால் என் குரலும் ஆடினால் மன்னிக்கவும். அந்தப் பக்கம் சிரிப்பு. மதராஸ்காரர் தன் வீட்டு மாமரத்தில் கட்டிய ஏரியலைப் பற்றிச் சொன்னார். அதில் ஏதோ ஓர் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டார். "அப்படி இல்லை, நண்பரே," என்றார் சார். சரியான அளவை எடுத்துச் சொன்னார். பேச்சு கப்பலுக்குப் போனது, சிங்கப்பூருக்குப் போனது. கண்ணைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை.

அடுக்களையில் மாமி காபி போட்டுக்கொண்டிருந்தார். பம்ப் ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. உதவிக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்கப் போனேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அறைப் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"கல்யாணமான புதுசுல, லீவுக்கு வந்தா இப்படித்தான் பேசுவார்," என்றார். "விடாம."

பால் இன்னும் காயவில்லை. மாமி குனிந்து ஸ்டவ்வின் காற்றைத் திறந்துவிட்டு அணைத்தார். சத்தம் அடங்கியது. மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து கேட்டார். சார் பேசி முடிக்கும்வரை யாரும் காபி கேட்கவில்லை.